பல்லின் மேல் போடும் பழி

“பல்லு மொளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்.”

தேனி மாவட்டத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பிள்ளை சிணுங்கினால் பல்லு, உடம்பு சுட்டால் பல்லு, வயிற்றால் போனால் பல்லு, பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பல்லு. சொல்பவர் பெரும்பாலும் அப்பத்தா, இல்லையென்றால் அம்மாச்சி. நாலு பிள்ளை பெற்று, அதற்கு மேல் பேரன் பேத்திகளையும் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. சிணுங்கலும் எச்சிலும் ஈறுக் குடைச்சலும் பல்லால் வருபவைதான். ஆனால் காய்ச்சலையும் பேதியையும் பல் கொண்டுவருவதில்லை. பல்லால் வருவதையும் வராததையும் பிரித்துப் பார்க்காததால் உலகம் முழுக்கப் பச்சைப் பிள்ளைகள் செத்திருக்கின்றன.

இதே மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன. அந்த மலையடிவார வீடுகளுக்கு அன்றாடம் தேவைப்படும் அறிவியல் வேறு. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பகல் முழுக்கப் பிள்ளை பெரியவர்கள் மடியில். உடம்பு சுடும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, பல்லு என்று விட்டுவிடுவதா என்ற முடிவும் அவர்களுடையதுதான். எனவே ஈறுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

ஆறாம் மாதத்தில் எட்டிப் பார்க்கும் பல்லின் வேலை, கரு ஆறு வார வயதாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தாடையின் விளிம்பில் ஒரு திசுப்பட்டை தடிக்கிறது; அதிலிருந்து மொட்டு மொட்டாகப் பற்கள் உருவாகின்றன. நாலாம் மாத வாக்கில் முன்பற்களில் கால்சியம் படிய ஆரம்பிக்கும். பிறக்கும்போது இருபது பால்பற்களும் ஏதோ ஒரு கட்டத்தில் தாடைக்குள் தயாராகிக்கொண்டுதான் இருக்கின்றன. பிறப்பு என்ற பெரிய மாற்றத்தை அந்தப் பற்கள் பதிவும் செய்துகொள்கின்றன. பால்பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், தாயின் வயிற்றுக்குள் உருவான எனாமலுக்கும் வெளியே வந்தபின் உருவான எனாமலுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவது தெரியும். ஒவ்வொருவர் வாயிலும் அவரவர் பிறந்த நாள் இப்படிக் கோடாகப் பதிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பல் ஈறைக் கிழித்துக்கொண்டு, முட்டி மோதி வெளியே வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதனால்தான் இவ்வளவு வலி, இவ்வளவு காய்ச்சல் என்ற எண்ணமும் வந்தது. டொனால்ட் கேஹில், சாண்டி மார்க்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் நாய்க்குட்டிகளிடம் செய்த சோதனைகள் இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டன. வளரும் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை உண்டு. அந்தப் பையை மட்டும் அகற்றினால் பல் வெளியே வரவில்லை. பையை அப்படியே விட்டு, உள்ளே இருந்த பல்லை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் உலோகத்தாலோ சிலிக்கோனாலோ ஆன போலிப் பல்லை வைத்தார்கள். அந்த உயிரற்ற பொருளும் தாடையிலிருந்து வெளியே வந்தது.

அதாவது வழியைத் திறப்பது பை. பல் அந்த வழியே வருகிறது, அவ்வளவுதான். பையின் மேல்பகுதி அனுப்பும் வேதிச் செய்திகளால் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடி மேலே பாதை போடுகின்றன. கீழ்ப்பகுதியில் புது எலும்பு வளர்கிறது. பல் ஈறின் மேற்பரப்பை நெருங்கும்போது, பல்லை மூடியிருக்கும் செல் அடுக்கும் ஈறின் செல் அடுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் ஒரு திறப்பு உண்டாகிறது. அதனால்தான் பல் முளைக்கும்போது பெரும்பாலும் ரத்தம் வருவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பல் வரும் இடத்தில் நீலம் பாரித்த சின்ன வீக்கம் தெரியும். பார்த்தவுடன் பதற வேண்டாம். பல் வந்ததும் தானாகவே வடிந்துவிடும், குத்தி உடைக்கக் கூடாது. இந்த வேலைகள் நடக்கும் இடத்தில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்யும். பிள்ளை கையில் கிடைத்ததைக் கடிப்பது அதற்காகத்தான். கையை நன்றாகக் கழுவிவிட்டு, கீழ் ஈறின் முன்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்த இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். சில நாள் கழித்துச் சொரசொரப்பான ஒரு விளிம்பு. பிறகு ஒரு நாள் கரண்டியில் தண்ணீர் கொடுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்.

வரிசை பெரும்பாலும் இப்படி: 6 முதல் 10 மாதத்துக்குள் கீழ் நடுப்பற்கள் இரண்டு, 8 முதல் 12-க்குள் மேல் நடுப்பற்கள், அதையொட்டிப் பக்கத்துப் பற்கள், 13 மாதத்துக்கு மேல் முதல் கடைவாய்ப்பற்கள், அப்புறம் கோரைப்பற்கள், கடைசியாக 23 முதல் 33 மாதத்துக்குள் இரண்டாம் கடைவாய்ப்பற்கள். இதில் ஒரு பல் முன்னே பின்னே வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரிசை மாறுவது சில பிள்ளைகளின் இயல்பு. மாமனின் ஆயுளுக்கும் மருமகனின் ஈறுக்கும் தொடர்பு கிடையாது. அந்தப் பேச்சால் பெற்றவள் மனம் நோவதுதான் மிச்சம்.

இனி காய்ச்சலுக்கும் பேதிக்கும் வருவோம். பல் முளைக்கும் பருவத்தில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போவது உண்மை. அந்த வகையில் பெரியவர்களின் கண்ணில் பிழையில்லை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. தாயின் கருப்பையில் இருக்கும்போது பிள்ளைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்கின்றன. பிறந்தபின் அவை நாளுக்கு நாள் குறைந்து, ஆறு மாதத்தை ஒட்டிப் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. பிள்ளை தானாகத் தயாரிக்கும் புரதங்களோ இன்னும் முழு அளவை எட்டியிருக்காது. அதே ஆறாம் மாதத்தில்தான் இணை உணவு தொடங்குகிறோம். சத்துமாவுக் கூழ், பருப்புச் சாதம், அவற்றைக் கரைக்கிற தண்ணீர், கிண்ணம், கரண்டி, ஊட்டுகிற கை எல்லாம் புதிதாக வாய்க்கு வருகின்றன. அதே சமயத்தில்தான் பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, தரையில் கிடக்கும் எதையும் எடுத்து வாயில் வைக்கிறது. ஈறு குறுகுறுக்கும்போது இன்னும் அதிகமாக வைக்கிறது. கிருமி உள்ளே போவதற்கு இதைவிடத் தோதான காலம் வேண்டுமா? வயிற்றால் போவது அந்தக் கிருமியால்.

எச்சில் ஒழுகுவதிலும் இப்படி ஒரு தற்செயல் உண்டு. மூன்றாம் நான்காம் மாதத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. ஊறுவதை விழுங்கும் பழக்கம் பிள்ளைக்கு இன்னும் கைவரவில்லை; தடுத்து நிறுத்த முன்னே பல்லும் இல்லை. அதனால் வழிகிறது. “எச்சில் ஒழுகுது, பல்லு வரப்போகுது” என்று மூன்று மாதப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால், அநேகமாக இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஊகங்கள் அல்ல, அளந்து பார்த்தவை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் 475 பற்கள் முளைத்ததைப் பெற்றோர் நாள்தோறும் குறித்துவந்தார்கள். முடிவு 2000-இல் வெளியானது. பல் வெளியே தெரிவதற்கு 4 நாள் முன்பு, தெரிந்த நாள், பின்பு 3 நாள் என மொத்தம் 8 நாள் கடிப்பதும் எச்சிலும் ஈறைத் தேய்ப்பதும் சிணுங்கலும் அதிகம். காதைத் தேய்ப்பது, முகத்தில் தடிப்பு, திட உணவில் விருப்பம் குறைவது, உடம்பு லேசாகக் கதகதப்பது ஆகியவையும் இருந்தன. கடுங்காய்ச்சல், வாந்தி, இருமல், மலம் இளகுவது ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தென்படவில்லை. 2011-இல் வெளியான பிரேசில் ஆய்வில் 47 குழந்தைகளை எட்டு மாதம் தினமும் பார்த்து, 231 பற்களைக் கவனித்தார்கள். பல் வரும் நாளிலும் மறுநாளிலும் வெப்பம் கடுகளவு ஏறியது. காய்ச்சல் என்று சொல்லும் அளவைத் தொடவில்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதுதான் அந்த எல்லைக்கோடு. புறங்கையை நெற்றியில் வைத்து இதைச் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பல்லின் மேல் பழி போடுவது நம்மூர்ப் பழக்கம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவேட்டில் 1839-ஆம் ஆண்டில் மட்டும் 5,016 இறப்புகளுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று எழுதப்பட்டது. அம்மையும் நிமோனியாவும் கொன்ற பிள்ளைகள் எத்தனையோ அந்தக் கணக்குக்குள் போய்விட்டன. பல்லுக்கு வழிவிடுகிறோம் என்று 16-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே காலத்திலிருந்து ஈறைக் கத்தியால் கீறினார்கள்; முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. கீறிய புண்ணில் கிருமி ஏறியது. பிறகு பல் பொடிகள் வந்தன. அவற்றில் பாதரச உப்பு இருந்தது. கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, இரவும் பகலும் அழுது துடிக்கும் ஒரு நோய் பிள்ளைகளுக்கு வந்தது. காரணம் தெரியாமல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் திணறினார்கள். 1940-களில் சின்சினாட்டி நகரின் ஜோசப் வார்க்கனி அந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார். 1954-இல் பிரிட்டனில் பல் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். அதன்பின் அந்த நோயே ஏறக்குறைய மறைந்துபோனது. நோயைத் தந்தது மருந்து. பழி சுமந்தது பல்.

இது பழைய கதையும் அல்ல. 2008 கடைசியில் நைஜீரியாவில் ‘மை பிக்கின்’ என்ற பல் முளைப்பு மருந்தைக் குடித்து 84 குழந்தைகள் இறந்தார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு கலந்திருந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்திலும் அதே நஞ்சுதான். அந்தப் புட்டி தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தேவையே இல்லாத ஒரு திரவத்தைப் பிள்ளையின் வாயில் ஊற்றுவதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியென்றால் அழும் பிள்ளைக்கு என்னதான் செய்வது? செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கழுவிய விரலால் ஈறை இதமாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். சுத்தமான பருத்தித் துணியைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் சற்று நேரம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், மூடிவைத்த மண்பானையில் குளிர்ந்த காய்ச்சிய தண்ணீரில் நனைத்தால் போதும். உறைந்து கல்லாகிப்போன எதையும் ஈறில் வைக்கக் கூடாது, அது புண்ணாக்கும். ரப்பர் வளையம் வாங்கினால், உள்ளே தண்ணீரோ ஜெல்லோ அடைத்ததை விட்டுவிட்டு, கெட்டியாக ஒரே துண்டாக இருப்பதை வாங்குங்கள். எச்சிலை அவ்வப்போது ஒற்றியெடுத்து, மோவாயிலும் கழுத்து மடிப்பிலும் துளி தேங்காயெண்ணெய் தடவினால் தோல் வெந்துபோகாது. ஆறு மாதம் கடந்த பிள்ளையென்றால் குளிர்ந்த மசித்த வாழைப்பழமோ தயிரோ ஊட்டலாம். எல்லாவற்றுக்கும் மேல் தாய்ப்பால். சில தாய்மார்கள் கடிக்கு அஞ்சிப் பாலை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை நன்றாக உறிஞ்சிக் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொண்டிருக்கும். குடித்து முடித்து விளையாடும்போதுதான் கடி விழும். வயிறு நிறைந்தது தெரிந்ததும், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துவிடலாம்.

வீட்டில் கிடைக்கும் எல்லாமே பிள்ளைக்கு ஆகாது. கையில் கட்டும் வசம்பு வளையலைப் பிள்ளை கடித்துக்கொண்டே இருக்கும். வசம்பில் உள்ள ‘பீட்டா அசரோன்’ விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவுப் பொருள்களில் தடை செய்தது. மேகமலைத் தேனோ போடி மலைத் தேனோ, எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் ஈறில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பிள்ளையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். மருந்துக்கடையில் தரும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் வேண்டாம். பென்சோகெயின் கலந்தவை ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தரக் கூடாது என்றது.

கடிக்கக் கொடுப்பதில் நாம் அதிகம் தவறுவது ரஸ்க், பச்சைக் கேரட், திராட்சை மூன்றிலும். ஊறிய ரஸ்க் சட்டென்று துண்டாகும். கேரட் முன்பல்லில் சீவப்பட்டுத் தொண்டைக்குப் போகும். திராட்சையைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் தனியாகச் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் ஊர் இது. வீட்டுக்கு வீடு கொத்துக் கொத்தாகக் கிடக்கும். முழுத் திராட்சை பிள்ளையின் மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும் அளவும் வழுவழுப்பும் உடையது. விதை நீக்கி, நீளவாக்கில் நான்காக வகிர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். பல்லுக் கொழுக்கட்டை செய்து தலையில் கொட்டும் வீடுகளிலும் இதே கவனம் வேண்டும். அழகான சடங்கு அது. கொட்டியவுடன் உருண்டைகளைப் பொறுக்கிவிடுங்கள், பிள்ளையின் கை நம் கையைவிட வேகமானது.

வலி தாங்காமல் தூங்காத பிள்ளைக்கு மருத்துவர் சொன்னால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். புட்டியைக் கவனியுங்கள். சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 தான். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மா, எந்தப் புட்டி, எத்தனை மில்லி என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனால் நல்லது.

முதல் பல் தெரிந்த நாளிலிருந்து துலக்கவும் வேண்டும். அரிசியளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று விடுவது தப்பு, சொத்தையான பால்பல் அடியில் காத்திருக்கும் நிலைப்பல்லையும் பாதிக்கும். பால்புட்டியை வாயில் வைத்துத் தூங்கவிடக் கூடாது. பதினெட்டு மாதமாகியும் ஒரு பல்கூட வரவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை போன்றவை காரணமாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

வயிற்றால் போனால் பல்லு என்று காத்திருக்காமலும், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு அலையாமலும், உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடங்குங்கள். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், அரைச் சொம்பு என்று கண்ணளவில் கரைப்பது கெடுதல். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தபோது, முப்பது சதவீதமாக இருந்த காலரா இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. இரண்டையும் நர்சம்மாவிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் வாங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

அப்பத்தாக்களிடமும் அம்மாச்சிகளிடமும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ 102-ஐத் தாண்டினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ, கண் குழிந்து துவண்டு கிடந்தாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ மகளும் மருமகளும் மலையிறங்கி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நிலைமை மோசமென்றால் 108-ஐக் கூப்பிட்டு, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். போகலாமா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம். அது தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண், இரவிலும் எடுப்பார்கள்.